கோல்ஃப் ஆடாதவர்களுக்கு ஃபைஃப்

வணக்கம் சார்,

ஜூன் கடைசியில் நானும் மனைவியும் எடின்பரோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். மூன்று நாள் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக் கடற்கரைக்குப் போகலாம் என்கிறாள். தேடிப் பார்த்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானம் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை, மனைவிக்கு முழங்கால் வலி வேறு. நீங்கள் அந்தப் பக்கம் சுற்றியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மூன்று நாள் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

கே.

அன்புள்ள கே.,

மகள் சொல்வதைக் கேளுங்கள். மூன்று நாள் போதாது என்றுதான் திரும்பும்போது சொல்வீர்கள்.

கோல்ஃபை முதலில் முடித்துவிடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸில் ஆட ஒரு இடம் கிடைக்காதா என்று உலகமெங்கும் இருந்து வந்து குலுக்கலில் பெயர் போட்டுக் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது (பெரிய போட்டி நடந்தால் மட்டும் விதிவிலக்கு). அன்று அது ஊர்ப் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊரே நடக்கும். நீங்களும் காசில்லாமல் நடந்து, அங்கே இருக்கும் சின்னக் கல்பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்பிவிட்டு வாருங்கள்.

மற்றதற்கெல்லாம் வழிகாட்டிப் புத்தகம் வேண்டாம், கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போட்ட அட்டவணை ஒன்று போதும். மிகைப்படுத்தவில்லை. ஈஸ்ட் நியூக் என்று சொல்லும் அந்தக் கிழக்கு மூலையில் (நியூக் என்றாலே ஸ்காட்ஸ் பேச்சில் மூலைதான்) என்றைக்கு என்ன செய்யலாம் என்பதைக் கடல்தான் முடிவுசெய்கிறது. ஈலி என்ற ஊரில் ஒரு பப் இருக்கிறது, அதற்கென்று ஒரு கிரிக்கெட் அணி உண்டு, ஆடுகளம் கடற்கரை மணல்! தண்ணீர் விலகியதும் ஸ்டம்ப் நடுவார்கள், ஆட்ட நேரமே வற்றத்தைப் பார்த்துத்தான் வைப்பது. மதில்மேல் உட்கார்ந்தபடி பார்க்கலாம், முழங்காலுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அதே ஈலியின் மேற்குப் பக்கம் சங்கிலி நடை இருக்கிறது. கின்கிரெய்க் முனையில் கடலை ஒட்டிய எரிமலைப் பாறையில் கனமான இரும்புச் சங்கிலிகளை அறைந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். காலுக்குப் பாறையில் வெட்டிய குழி, கைக்குச் சங்கிலி, அப்படியே ஏறி இறங்கிக் கடக்க வேண்டும். இதை மகளுக்கு விட்டுவிடுங்கள். நான் முதல் தடவை அட்டவணையைப் பார்க்காமல், வெயில் நன்றாக இருக்கிறதே என்று போனேன். இரண்டாவது சங்கிலி வரைதான். அடியில் இருந்த மணல் திட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்க ஆரம்பித்தது, பேசாமல் திரும்பிவிட்டேன். கவனமில்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்க உயிர்காப்புப் படகு வந்த கதைகள் உண்டு. கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே நடையைத் தொடங்கிவிட வேண்டும்.

அடுத்து மே தீவு. ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்திலிருந்து படகு. அதுவும் தினம் ஒரே நேரத்துக்குக் கிளம்பாது, காரணம் உங்களுக்கே தெரியும். தீவில் பல்லாயிரக்கணக்கில் பஃபின் என்ற கடற்பறவைகள், மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. பாதையை விட்டு ஒரு அடி விலகினாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் கால் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். அலகில் நாலைந்து வெள்ளிநிற மீன்கள் இரண்டு பக்கமும் மீசை மாதிரித் தொங்க, ஒரு பஃபின் என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் இறங்கியது, என்னை மேலும் கீழும் பார்த்தது, சடாரென்று வளைக்குள் போய்விட்டது. அவ்வளவுதான், மூன்று விநாடி இருக்கும். ஆனால் படகுத் துறைப் பக்கம் ஆர்க்டிக் ஆலாக்கள் கூடு கட்டியிருக்கும். அவை நேராகத் தலையிலேயே கொத்தும், கெட்டியான தொப்பி அவசியம். ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கமும் இந்தத் தீவில்தான், 1636இல் கட்டியது. விளக்கு என்றால் உச்சியில் இரும்புக் கூடையில் நிலக்கரி எரியும், இரவெல்லாம் ஆள் சுமந்து போட வேண்டும். தீவுப் பாதையில் ஏற்றம் உண்டு, நிதானமாகப் போனால் உங்கள் மனைவியால் முடியும் என்றே நினைக்கிறேன்.

செயின்ட் மோனன்ஸ் பக்கத்தில் வயல் நடுவே ஒற்றைக் காற்றாலை நிற்கும். மாவு அரைத்ததல்ல, கடல் தண்ணீரை இறைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தண்ணீரைப் பெரிய இரும்புத் தட்டுகளில் ஊற்றி, பக்கத்திலேயே வெட்டிய நிலக்கரியை எரித்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். வெயிலை நம்பி உப்பு எடுக்க முடியாத ஊர் அது. அந்த ஊர்த் துறைமுகத்தில் பழைய ரப்பர் பூட்ஸுகளில் பூச்செடி வளர்க்கிறார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

கடலோடு சம்பந்தமே இல்லாத ஒன்று, மழை நாளுக்கென்று எடுத்து வையுங்கள். சாலை ஓரத்தில் ‘ரகசிய பதுங்குமிடம்’ என்று ஊரறியப் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள், சிரிக்காமல் போக முடியாது. மேலே பார்த்தால் சாதாரணப் பண்ணைவீடு. உள்ளே போனால் நீண்ட சரிவான சுரங்கப்பாதை, சுமார் 100 அடி ஆழத்தில் இரண்டு தளங்கள். 1950களில் ரேடார் நிலையமாகக் கட்டி, பிற்பாடு அணுகுண்டு விழுந்தால் அரசு நடத்த 300 பேர் இறங்குவதற்கென்று மாற்றியது, 1994இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். படுக்கைகள், வானொலி அறை, ஒரு குட்டித் தேவாலயம் எல்லாம் உண்டு. பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு இதில் இடமில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையின் சுரங்கம் இன்னொரு ரகம். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரான கார்டினல் டேவிட் பீட்டனைக் கொன்றுவிட்டு, அவரை எதிர்த்த புராட்டஸ்டன்டுகள் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே முற்றுகையிட்ட படை பாறையைக் குடைந்து உள்ளே வரப் பார்த்தது. உள்ளே இருந்தவர்களுக்குத் தோண்டும் சத்தம் மட்டும் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. ஒரு இடத்தில் தோண்டினார்கள், தப்பு. வேறு இடத்தில் தோண்டினார்கள், அதுவும் தப்பு. கடைசியில் சரியாக எதிரியின் சுரங்கத்தையே போய்த் துளைத்தார்கள். இன்றும் இறங்கலாம். உள்ளே இருந்தவர்கள் வெட்டியது குறுகலாக, கோணல்மாணலாக, குனிந்து தவழ்கிற மாதிரி இருக்கும். அங்கிருந்து எதிரியின் சுரங்கத்துக்குள் இறங்கினால் நிமிர்ந்தே நிற்கலாம், அவர்களுக்கு அவசரமில்லை! இங்கே மட்டும் உங்கள் மனைவியை மேலேயே உட்கார வையுங்கள். குப்பி வடிவத்தில் பாறையில் குடைந்த நிலவறையும் அங்கே இருக்கிறது, கார்டினலின் உடலை உப்புப் போட்டு அதில்தான் வைத்திருந்தார்களாம்.

நேரம் மிஞ்சினால் லோயர் லார்கோ. தனித் தீவில் நாலு வருஷத்துக்கு மேல் கிடந்து, ராபின்சன் க்ரூஸோ கதைக்குத் தூண்டுதலான அலெக்சாண்டர் செல்கர்க் பிறந்த ஊர். ஒரு வீட்டுச் சுவரில் ஆட்டுத்தோல் உடுத்திய சிலையாக நிற்கிறார். ஐந்து நிமிஷ வேலைதான்.

எடின்பரோவிலிருந்து ஃபோர்த் பாலம் வழியாக லெவன் என்ற ஊர் வரை 2024 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது, அங்கிருந்து பஸ். வெயிலடிக்கிறதே என்று ஜாக்கெட்டை விடுதியில் வைத்துவிடாதீர்கள், ஹார் என்று ஒரு கடல்மூட்டம் வரும், பத்து நிமிஷத்தில் துறைமுகமே காணாமல் போகும். அப்புறம், பயணத் தேதியைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். ஜூன் கடைசியில் பஃபின் நிச்சயம், ஆகஸ்ட் நடுவில் போனால் வளைதான் மிச்சம்.