ஆடுகளுக்குத் தழை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழைக்குப் பிறகு என் ஆடுகளுக்குக் கழிச்சல். இரண்டுக்குத் தாடையில் நீர் கோத்திருக்கிறது. கருவேலந்தழையும் நெற்றும் போட்டால் குடற்புழு மருந்து வேண்டாம் என்கிறார்களே? (வாசகர், விருதுநகர்)

பதில்: தாடையில் நீர் கோத்த இரண்டையும் தழையை நம்பி விடாதீர்கள். நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு முற்றினால்தான் பெரும்பாலும் இந்த வீக்கம் வரும். மற்ற ஆடுகளின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் மருந்து அவசரமில்லை. வெளுத்திருந்தால் எடை போட்டு அதற்கேற்ற அளவு மருந்து கொடுக்க வேண்டும். கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் தப்பிப் பிழைக்கும் புழுக்களே பெருகி, பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கூடாது.

தழையின் வேலை வேறு. அதிலுள்ள துவர்ப்பு, அதாவது டானின், புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகளால் அதை அவ்வளவாகச் சிதைக்க முடியாது. நான்காம் இரைப்பையின் அமிலத்தில் பிடி விட்டு, சிறுகுடலில் புரதம் ஆட்டுக்குச் சேருகிறது. புரதம் சேர்ந்த ஆடு புழுவை எதிர்த்து நிற்கும். புழு முட்டையிடுவதையும் டானின் ஓரளவு குறைக்கிறது. தீனியின் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை நல்லது. 5ஐத் தாண்டினால் ஆடு தின்பது குறையும், புழுக்கை இறுகும். கருவேல நெற்றில் துவர்ப்பு அதிகம் என்பதால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பசுந்தீனியில் கால்பங்குக்கு மேல் கருவேலம் வேண்டாம். புழுக்கை கல்லாக இறுகினால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, அகத்தி அல்லது காராமணிக் கொடி போடுங்கள்.

தழையைத் தரையில் கொட்டாமல் ஆட்டின் நெஞ்சுயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். புழுக்குஞ்சுகள் ஈரப் புல்லின் அடியில்தான் இருக்கும். பனி காயும் முன் மேய்ச்சலுக்கு விடாததே பாதி மருத்துவம்.

கேள்வி: சூபாபுல் மரத் தழை தின்ற ஆட்டுக்கு முடி கொட்டுகிறது. ஏன்? (வாசகி, தாராபுரம்)

பதில்: அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம், கொழுந்திலும் விதையிலும் அதிகம். மொத்தத் தீனியில் 30 சதவீதத்துக்குள் வையுங்கள். புதிதாக வாங்கிய ஆட்டுக்குக் கைப்பிடியில் தொடங்கி, சில வாரங்களில் கூட்டுங்கள். மிமோசின் சிதைந்து உண்டாகும் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிரி எல்லா ஆட்டின் வயிற்றிலும் இருப்பதில்லை. ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அது இல்லாமல், 1980களில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சூபாபுல் தின்று பழகிய ஆடுகளோடு ஒரே கொட்டிலில் விட்டாலே பெரும்பாலும் தொற்றிக்கொள்ளும். முடி கொட்டுவது நிற்கும்வரை இந்தத் தழையே வேண்டாம்.