மின்சுற்றுப் பலகை ஆர்டர் செய்யும்போது எதில் சிக்கனம், எதில் செலவு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஐந்து பலகைகளுக்கும் பத்துப் பலகைகளுக்கும் ஏறத்தாழ ஒரே விலையைக் காட்டுகிறார்கள். இரண்டே பலகை போதும் என்பவர்க்கு இது நஷ்டமல்லவா?

பதில்: நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பலகைக்கானது அல்ல, தயாரிப்பைத் தொடங்குவதற்கானது. கோப்பைச் சரிபார்த்தல், ஒளிப்பதிவு, துளையிடும் நிரல், மின்முலாம் ஆகியவை இரண்டு பலகைக்கும் பத்துப் பலகைக்கும் ஒன்றே. பல வாடிக்கையாளர்களின் வடிவமைப்புகளை ஒரே பெரிய தகட்டில் சேர்த்துத் தயாரிப்பதால்தான் நம்மைப் போன்ற பொழுதுபோக்காளர்களுக்கு இந்த விலை கட்டுப்படியாகிறது. 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்-4 (கண்ணாடியிழைத் தகடு), 35 மைக்ரான் செம்பு, பச்சை நிற சால்டர் மாஸ்க் (செம்பை மூடும் காப்புப் பூச்சு) ஆகியவை அந்தப் பொதுத் தகட்டின் வழக்கமான அளவுகள். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் உங்கள் பலகை பொதுத் தகட்டை விட்டு வெளியேறக்கூடும், விலையும் ஏறும். பல ஆலைகள் 100 × 100 மி.மீ.க்குள் அடங்கும் பலகைக்கே சலுகை தருகின்றன என்பதால், 104 மி.மீ. நீளமுள்ள பலகையை வைத்திருப்பவர் ஒரு கனெக்டரை நகர்த்திப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஆண்டெனாவும் யுஎஸ்பியும் உள்ள சிறு கருவி ஒன்றை வடிவமைக்கிறேன். செம்பு இரண்டு அடுக்கு போதுமா, நான்கு அடுக்கு வேண்டுமா?

பதில்: நான்கு அடுக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பது இங்கே வீண்செலவு ஆகாது. வேகமான சமிக்ஞை ஒரு தடத்தில் (செம்புக் கோட்டில்) செல்லும்போது, அதன் திரும்பு மின்னோட்டம் நேர் கீழேயுள்ள தரைத்தளத்தில், அதாவது தரையோடு இணைந்த செம்புப் பரப்பில், ஓட முற்படுகிறது. அந்தத் தளம் இடையில் வெட்டுப்பட்டிருந்தால் மின்னோட்டம் சுற்றி வருகிறது. சுற்றின் பரப்பு பெரிதாகப் பெரிதாக இரைச்சலும் கதிர்வீச்சும் கூடுகின்றன. ஆண்டெனாவுக்குச் செல்லும் 50 ஓம் தடத்தை 1.6 மி.மீ. இரண்டு அடுக்குப் பலகையில் வரைய ஏறத்தாழ 3 மி.மீ. அகலம் வேண்டும், தரைத்தளம் 0.2 மி.மீ. ஆழத்திலேயே இருக்கும் நான்கு அடுக்குப் பலகையில் 0.4 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான அகலம் போதும். எந்த அடுக்கமைப்பை எடுத்தாலும், அனுப்புவதற்கு முன் கெர்பர் கோப்புகளை (ஒவ்வொரு அடுக்கின் வரைவையும் ஆலைக்குச் சொல்லும் கோப்புகளை) வடிவமைப்பு மென்பொருளில் அன்றி, வேறொரு பார்வைச் செயலியில் திறந்து பாருங்கள்.

மறுப்பு: இதை நான் ஏற்கவில்லை. கீழ் அடுக்கு முழுவதும் செம்பை நிரப்பிவிட்டால் அதுவும் தரைத்தளம்தானே? என் இரண்டு அடுக்குப் பலகைகள் பல ஆண்டுகளாகப் பழுதின்றி இயங்குகின்றன.

பதில்: கீழ் அடுக்கில் ஒரு தடம்கூட ஓடாமல் வரைய முடிந்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, நானும் அதையே செய்வேன். ஆனால் நாற்பது ஐம்பது கால்கள் உள்ள சிப்பைச் சுற்றித் தடம் இழுக்கத் தொடங்கினால், கீழ் அடுக்கில் ஒவ்வொன்றாகத் தடங்கள் நுழைந்து செம்பைத் தீவுகளாக்கிவிடும். மென்பொருள் அதைத் தரை என்றே காட்டும், திரும்பு மின்னோட்டத்துக்கோ பாதை இராது.

மறுப்பு: என் கடிகார வேகம் 8 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதற்கும் இந்த அச்சம் பொருந்துமா?

பதில்: கடிகார வேகத்தை விட, சமிக்ஞை ஏறி இறங்கும் விளிம்பின் வேகமே இதை முடிவு செய்கிறது. இன்றைய சிப்புகள் 8 மெகாஹெர்ட்ஸில் இயங்கினாலும் சில நானோவினாடிகளில் ஏறி இறங்குகின்றன. இருப்பினும் வெப்ப உணரி, ரிலே, விளக்கு ஆகியவற்றை இயக்கும் பலகைக்கு இரண்டு அடுக்கே போதும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அத்தகைய பலகைக்கு நான்கு அடுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மோட்டாருக்கு 3 ஆம்பியர் செல்ல வேண்டும். 70 மைக்ரான் செம்பு வாங்கவா?

பதில்: வேண்டாம், தடத்தை அகலமாக்குங்கள். பலகை வடிவமைப்புக்கான ஐபிசி-2221 வழிகாட்டியின்படி, வெளி அடுக்கில் 35 மைக்ரான் செம்பும் 10 டிகிரி வெப்ப உயர்வும் எனக் கொண்டால், 3 ஆம்பியருக்குச் சுமார் 1.4 மி.மீ. அகலம் போதும். இடம் இருக்கும்போது அகலத்துக்குச் செலவில்லை.

கேள்வி: பேடுகளுக்கு (உதிரிகளைச் சால்டர் செய்யும் செம்புப் பரப்புகளுக்கு) தங்கப் பூச்சு அவசியமா?

பதில்: கையால் சால்டர் செய்பவர்க்கு வெள்ளீயப் பூச்சே போதும். ஆனால் அதன் மேற்பரப்பு சற்று மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் உள்ள சிப்புகளும், அடியில் மட்டுமே பேட் உள்ள சிப்புகளும் இருந்தால் நிக்கல்-தங்கப் பூச்சின் சமதளம் கொடுத்த பணத்துக்கு உதவும்.

கேள்வி: கறுப்பு நிறம் நன்றாக இருக்குமா?

பதில்: தடங்கள் கண்ணுக்குத் தெரியாது, பழுது தேடுவது கடினம். பச்சையே வாங்குங்கள்.

கேள்வி: மிக மலிவான ஆலை எது?

பதில்: பெயர் சொல்வதில்லை. ஒரே கோப்பை மூன்று இடங்களில் ஏற்றி, அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். பலகையின் விலையை விடப் பார்சலின் விலை அதிகமாக இருப்பது வழக்கம்.

கேள்வி: மின்சோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். தவிர்க்கலாமா?

பதில்: இரண்டு அடுக்குப் பலகையின் குறையைக் கண்ணாலும் மல்டிமீட்டராலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். நான்கு அடுக்கில் உள்ளே ஏற்படும் குறை உங்களுக்கு எட்டாது என்பதால் அங்கே தவிர்க்காதீர்கள். எனினும் அந்தச் சோதனை, பலகை கோப்போடு பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கும். ஒருமுறை எஸ்ஓடி-23 என்னும் சிறு உறையிலுள்ள டிரான்சிஸ்டரின் மூன்று கால்களின் வரிசையைத் தரவுத்தாளோடு ஒப்பிடாமல் அனுப்பினேன். எல்லாப் பலகைகளும் சோதனையில் தேறி, குறையின்றி வந்துசேர்ந்தன; ஒன்றும் இயங்கவில்லை. அன்றிலிருந்து 1:1 அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய உதிரிகளை அதன்மேல் வைத்துப் பார்ப்பதோடு, ஒவ்வொரு காலையும் தரவுத்தாளோடு ஒப்பிடாமல் நான் அனுப்புவதே இல்லை.

கேள்வி: ஒளி உமிழும் டையோடு பலகைக்கு இரண்டு அடுக்கா, நான்கு அடுக்கா?

பதில்: மேலே மறுப்புகளுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். உங்களுக்கு இரண்டு போதும்.

கேள்வி: வீட்டு மின் இணைப்பில் நேரடியாக இயங்கும் பலகையில் தடங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான இக்கேள்விக்கு இங்கே ஓர் எண்ணைச் சொல்ல மாட்டேன். சான்று பெற்ற ஆயத்த மின்வழங்கியை வாங்கி, உங்கள் பலகையைக் குறை மின்னழுத்தப் பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி வேறொரு செயலியில் கெர்பர் கோப்பைத் திறந்தேன். துளைகள் எல்லாம் பலகைக்கு வெளியே ஒரு மூலையில் நிற்கின்றன. வடிவமைப்பு மென்பொருளில் சரியாகவே தெரிகிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். துளைக் கோப்புக்கு ஓர் ஆதிப்புள்ளியும் (அளவுகள் தொடங்கும் இடமும்) கெர்பருக்கு வேறோர் ஆதிப்புள்ளியும் தேர்வாகியிருக்கும். இரண்டுக்கும் ஒரே ஆதிப்புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அலகு மில்லிமீட்டர்தானா என்றும் பார்த்து, இரண்டு கோப்புகளையும் மீண்டும் உருவாக்கித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு துளையும் அதன் பேடின் நடுவில் அமர்ந்த பிறகு அனுப்பலாம்.