எங்கள் தாத்தாவை ஊரில் ‘காசாக்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். மிலிட்டரியில் பட்டப்பெயர் எப்படி வருகிறது?

தாத்தா 1950-களில் பட்டாளத்தில் சேர்ந்தவர், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம் சொந்த ஊர், காசு சேர்த்துக்கொண்டு வந்ததால் ‘காசாக்காரர்’ ஆனார் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. காசு வைத்திருந்தால் ‘காசுக்காரர்’ ஆகியிருப்பார். நம் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் காசா என்று இழுக்கமாட்டார்கள்.

காசா என்பது ஊர்ப்பெயர், பாலஸ்தீனத்துக் காசா. எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக நடந்த சண்டைக்குப் பிறகு ஐ.நா. அங்கே ஒரு அமைதிப்படையை நிறுத்தியது. 1956 நவம்பர் முதல் 1967 ஜூன் வரை அது இருந்தது. இந்தியப் பட்டாலியன்கள் முறை மாற்றி முறை போய்வந்தன. அவர்களோடு சிக்னல்ஸ், சப்ளை, வண்டி ஓட்டுகிறவர்கள் என்று மற்றப் பிரிவு ஆட்களும் போனார்கள். திரும்பி வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து ‘காசாவில இருந்தப்போ’ என்று நாலு தரம் ஆரம்பித்தால் போதும், பெயர் விழுந்துவிடும்.

பழைய வட ஆற்காடு ஊர்களில் இந்த வகைப் பெயர்கள் சாதாரணம். கணியம்பாடி ஒன்றியத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள், ஊருக்கே பட்டப்பெயர். ஆளுக்கு வைத்த பெயரை வைத்து அவர் எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்று ஓரளவு கணக்குப் போடலாம். ‘பஸ்ரா’ என்றால் முதல் உலகப் போர், மெசபடோமியா. ‘பர்மாக்காரர்’ என்றால் பெரும்பாலும் 1942–45, ஆனால் வியாபாரத்துக்கு ரங்கூன் போனவர்களுக்கும் அதே பெயர் உண்டு, அதனால் விசாரிக்காமல் முடிவு கட்டாதீர்கள். ‘கொரியா’ என்றால் 1950–54: இந்தியா அங்கே ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது, போர்க்கைதிகளைப் பார்த்துக்கொள்ள 1953-ல் தனியாக ஒரு படையும் போனது. ‘காங்கோ’ 1960–64. ‘சிலோன் மிலிட்டரி’ என்று யாரையாவது சொன்னால் 1987 ஜூலைக்கும் 1990 மார்ச்சுக்கும் நடுவில் இலங்கையில் இருந்தவர்.

உங்கள் தாத்தா விஷயத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றியோ வெற்றிலைப் பெட்டிக்குள்ளோ பதக்கம் இருக்கும். காசாவுக்குப் போனவர்களுக்குக் கொடுத்த ஐ.நா. பதக்கம் வெண்கல நிறத்தில் வட்டமாக இருக்கும். முன்பக்கம் உலகப்பட முத்திரைக்கு மேல் அந்தப் படையின் ஆங்கிலச் சுருக்கப் பெயராக யு, என், இ, எஃப் என்ற நாலு எழுத்து இருக்கும். பின்னால் வந்த ஐ.நா. பதக்கங்களில் யு, என் இரண்டு எழுத்துதான், வித்தியாசம் அங்கேதான். ரிப்பன் மணல் நிறம், நடுவில் அகலமாக நீலப் பட்டை, ஓரங்களில் மெல்லிய கோடுகள். பிராசோ போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதையும் தள்ளிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் ‘காசா’ என்கிறார்களா ‘காஜா’ என்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பட்டன் துளைக்குத் தையல் போடுவதைத்தான் நாம் காஜா எடுப்பது என்கிறோம். பட்டாலியனில் தையல்காரர் உண்டு, தர்ஜி என்பார்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கில் டிரேடு என்ற இடத்தில் டெய்லர் என்று இருந்தால் உங்கள் தாத்தா காஜாக்காரராக இருக்கலாம். இரண்டுமே மதிப்பான பெயர்தான்.

இனி பொதுக் கேள்விக்கு வருகிறேன். பட்டாளத்தில் பட்டப்பெயர் முதலில் தேவைக்காக வருகிறது, கேலி அதற்குப் பின்னால்தான். நம் மாவட்டத்து ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முனுசாமி, கோவிந்தசாமி, ரங்கசாமி மூன்று பேரும் ஒரே பிளட்டூனில் சேர்கிறார்கள். பயிற்சி கொடுக்கிற வடக்கத்தி உஸ்தாத் வாயில் மூன்று பேரும் ‘சாமி’. ‘சாமி, இதர் ஆவ்’ (இங்கே வா) என்றால் மூன்று பேரும் ஓடி வருவார்கள். அதனால் ராணுவ எண்ணின் கடைசி இலக்கங்களைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இப்போதைய எண்ணில் கடைசியாக ஒரு ஆங்கில எழுத்து வரும், அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டு அல்லது மூன்று இலக்கம். ரோல்கால் இந்தியில் நடப்பதால் 62 என்பது ‘பாசட்’, 36 என்பது ‘சத்தீஸ்’, 47 என்பது ‘சைந்தாலீஸ்’. ஆறு மாதத்தில் ‘சாமி’ உதிர்ந்துபோய் ‘பாசட்’ மட்டும் நிற்கும். ஊரில் யாராவது ஒரு தாத்தாவை ‘பாசட்டு’ என்று கூப்பிட்டால் அது அவருடைய எண்ணின் வால்.

இரண்டாவது, வேலை. சமையல்காரர் லாங்கிரி, வண்டி ஓட்டுகிறவர் எம்.டி. (மோட்டார் டிரான்ஸ்போர்ட்), மருந்து கட்டுகிற நர்சிங் அசிஸ்டென்ட் எல்லாருக்கும் ‘டாக்டர்’. மூன்றாவது, ஊர். எல்லா மாநிலத்து ஆட்களும் கலந்த யூனிட்டில் தெற்கத்தி ஆள் எவனும் மதராசி. மதராஸ் ரெஜிமென்ட்டுக்குள் அந்தப் பெயரால் பயனில்லை, எல்லாரும் தெற்கத்தி ஆட்கள். அங்கே ஆம்பூர், ஆற்காடு, குடியாத்தம் என்று பிரியும். நான்காவது உடம்பு வாகு: உயரமானவன் லம்பு, குள்ளமானவன் சோட்டு, நகர்வில் சுணக்கமானவன் டீலா.

நிலைத்து நிற்பது என்னவோ பயிற்சிக் காலத்தில் செய்த தப்பினால் வருகிற பெயர்தான். நம் பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்களில் தடுமாற்றமே டிரில் கட்டளைதான். ‘தாஹினே முட்’ என்றால் வலது, ‘பாயேன் முட்’ என்றால் இடது, ‘பீச்சே முட்’ என்றால் முழுத் திருப்பம். இந்தி தெரியாத பையன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திரும்புவான், அரை நொடி பிந்தும். முழு வரிசையும் வலது பக்கம் பார்க்க, ஒருவன் மட்டும் இடது பக்கம் பார்த்து நின்றால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் அவன் ‘பாயேன்’. வாட்டர் பாட்டிலைத் தொலைத்தவன் ‘பாட்டில்’. முப்பது வருஷம் கழித்து சுபேதாராக ஓய்வு பெற்றாலும் உடன் பயிற்சி எடுத்தவர்களுக்கு அவர் பாட்டில்தான்.

பெயர் ஒட்டுவதற்குச் சில கட்டுகள் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை. இரண்டு மூன்று அசைக்கு மேல் போகாது. காற்று அடிக்கிற மேட்டில் ஐம்பது கெஜத்துக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும், அதனால் நெடில் உள்ள பெயர் நிற்கும். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் நிற்காது. புதிதாக வருகிறவன் ‘என்னை டைகர்னு கூப்பிடுங்க’ என்றால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இடைநிலை அதிகாரி) ஆகிவிட்டால் முகத்துக்கு நேரே எல்லாருக்கும் ‘சாப்’, பழைய பெயர் சமவயதுக்காரர்களிடம் மட்டும் இருக்கும். அதிகாரிகளுக்கு ஜவான்கள் வைத்த பெயர் அவர்கள் காதுபட வராது.

கீழே கருத்துப் பகுதியில் வந்து ‘இது ராகிங், இதைப் பெருமையாக எழுதுகிறீர்களே’ என்று சிலர் சொல்வீர்கள், தெரியும். நிறத்தையும் சாதியையும் வைத்துக் கூப்பிடுவதைப் பட்டப்பெயர் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்ப் பையனைக் ‘காலியா’ (கறுப்பன்) என்பது பெயர் வைப்பதில் சேராது, அது அவமானம். பிரித்துப் பார்க்க எளிய வழி: கூப்பிடுகிறவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறதா, அதை இவன் திருப்பிச் சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் புகார் செய்ய வேண்டிய விஷயம். முதலில் செக்‌ஷன் கமாண்டர், பிறகு பிளட்டூனின் ஜே.சி.ஓ., பிறகு கம்பெனி. அங்கும் நகரவில்லை என்றால் சைனிக் சம்மேளனத்தில் எழுந்து நின்று சொல்லலாம், கமாண்டிங் ஆபீசர் நேரில் கேட்பதற்காகவே நடக்கிற கூட்டம் அது.

வயர்லெஸ்ஸில் வருகிற பெயரை இதோடு குழப்பாதீர்கள். கார்கிலில் 13 ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸின் கேப்டன் விக்ரம் பத்ராவுக்கு ‘ஷேர்ஷா’ என்பது சங்கேதப் பெயர். அது எதிரி ஒட்டுக் கேட்டால் ஆள் தெரியாமல் இருக்க மேலிருந்து கொடுப்பது. பட்டப்பெயர் கூட இருக்கிறவர்கள் கொடுப்பது. ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவுக்கு ‘சாம் பகதூர்’ என்று வைத்தவர்கள் 8-வது கூர்க்கா ரைபிள்ஸ் வீரர்கள், தங்கள் ஆட்களின் பெயரில் வருகிற பகதூரை அவருக்கும் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவுக்குக் ‘கிப்பர்’ வந்தது வேறு விதம், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவிக்கு அவர் பெயர் வாயில் நுழையாததால் என்று சொல்வார்கள். ராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்கு மொத்தமாகத் ‘தம்பி’ என்று பெயர். இந்திய ராணுவம் முழுக்க அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு மரியாதை உண்டு.

நம் மண்ணிலேயே பழைய உதாரணங்கள் கிடக்கின்றன. 1751 ஆற்காட்டு முற்றுகைக் காலத்தில் ராபர்ட் கிளைவுக்கு ஆற்காட்டு நவாப் முகமது அலி தரப்பில் கிடைத்த பெயர் ‘சாபத் ஜங்’, போரில் அசையாதவன் என்று அர்த்தம். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளை மற்ற மாகாணத்தவர்கள் ‘முல்’ என்றார்கள். முல்லிகட்டானி சூப்பின் சுருக்கம் அது, அதாவது நம் வீட்டு மிளகுத்தண்ணீர். வெள்ளைக்காரர்களிடம் சிப்பாயாக இருந்த யூசுப் கான் (மருதநாயகம்) தென்பாண்டிச் சீமைக்குக் கமாண்டன்டாகப் போனதும் ஜனங்கள் வாயில் ‘கும்மந்தான்’ ஆனார், கான்சாகிபு ஆனார். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இன்றைக்கும் இருக்கிறது.

ஊரில் பதவியே பெயராகிவிடுவதும் அதே பழக்கம்தான். இதில் ஒரு சிக்கல்: ஊர் பதவி உயர்வைக் கணக்கில் எடுக்காது. வீடு கட்டும்போது ஹவில்தாராக இருந்தவர் ஹானரரி கேப்டனாக ஓய்வு பெற்றாலும் அது ‘ஹவில்தார் வீடு’தான். அதனால் ஊர்ப்பெயரை நம்பி ரேங்கை முடிவு செய்து விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

காகிதத்தில் தப்பு ஏறுவதும் இங்கேதான். கிரயப் பத்திரத்தில் ‘முனுசாமி என்கிற காசாக்காரர்’ என்று எழுதிவிடுவார்கள், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் இன்னொன்று. உங்கள் பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் முதலில் பி.பி.ஓ.வையும் (ஓய்வூதிய ஆணை) டிஸ்சார்ஜ் புக்கையும் பாட்டியின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். திருத்தம் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத்தான் நடக்கும்: மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். எண், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, விலகிய தேதி இந்த ஐந்தும் இல்லாமல் எழுதினால் பதில் வராது. பழைய புத்தகத்தில் மாவட்டம் வட ஆற்காடு என்றிருக்கும். அது 1989-ல் பிரிந்து, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரிந்தது. வாலாஜா தாலுகா என்றிருந்தால் அது இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், எந்த அலுவலகம் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அணைக்கட்டு என்பதால் உங்களுக்கு வேலூர்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 1914–18 பெரும் போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் கொடுத்தவர்கள் 14 பேர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு பெயர் இல்லை. டெல்லி இந்தியா கேட்டில் 13 ஆயிரத்துக்கும் மேலே பெயர் செதுக்கி வைத்திருக்கிறார்கள், 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கல். எங்கள் ஊரில் அந்தப் 14 பேர் வெறும் எண். அவர்களை வீட்டில் என்ன பெயரில் கூப்பிட்டார்கள், பட்டாளத்தில் என்ன பெயர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பூ வாங்கவும் வளையல் வாங்கவும் தினமும் ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறோம். இதைக் கேட்டால் ‘நூறு வருஷத்துக் கதை இப்போ எதுக்கு’ என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். தாத்தாவோடு ஒரே வருஷம் சேர்ந்தவர் யாராவது சுற்று வட்டாரத்தில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். ‘தாத்தா எப்படி இருந்தார்’ என்று கேட்காதீர்கள், ‘நல்ல மனுஷன்’ என்பதோடு நின்றுவிடும். ‘அவரை அங்கே என்னன்னு கூப்பிடுவீங்க, மத்தவங்களுக்கு என்ன பேரு’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதக்கம் கிடைத்தால் இரண்டு பக்கமும் ரிப்பனும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுங்கள், காசாவா காஜாவா என்று பார்த்துச் சொல்கிறேன்.