அடுத்த வருடம் யார் மிச்சம்? கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணியின் ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரர் பட்டியலை, வைத்து அதன் எதிர்காலத்தை எப்படிக் கணிப்பது என்று கேட்டு வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பந்தயம் கட்ட டிப்ஸ் கேட்டவர்கள் என்னை மன்னிக்கவும்.

கேள்வி: ரோஸ்டரைத் திறந்தால் எண், உயரம், எடை, 'ஃப்ரெஷ்மேன்', 'ரெட்ஷர்ட் சோஃபோமோர்' என்று ஏதேதோ இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். அதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஷூவோடு அளந்து, மேலே கொஞ்சம் தாராளமும் சேர்த்துப் போடுவது அங்கே பழைய வழக்கம். தொழில்முறை லீகான என்பிஏ புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால் வெறுங்காலோடு அளக்கும்போது பல பேர் குட்டையாகிவிடுவார்கள்.

நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று, எந்த வருட மாணவர் என்பது. ஃப்ரெஷ்மேன் முதல் வருடம், சோஃபோமோர் இரண்டாவது, ஜூனியர் மூன்றாவது, சீனியர் நான்காவது. முன்னால் 'ரெட்ஷர்ட்' என்று இருந்தால், ஒரு வருடம் அணியோடு பயிற்சி மட்டும் செய்துவிட்டு ஆட்டத்தில் இறங்காமல், ஆட அனுமதியுள்ள சீசன்களில் ஒன்றை மிச்சம் பிடித்தவர் என்று அர்த்தம். இதைத் தண்டனை என்று நினைக்க வேண்டாம். வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் முதல் வருடம் அப்படித்தான் உட்கார்ந்தார். 2019இல் அதே அணியோடு சாம்பியன், அந்த வருட டிராஃப்டில் 4ஆவது ஆள்.

இரண்டாவது இடம், 'முன்பு படித்த கல்லூரி'. 2025இல் பட்டம் வென்ற ஃப்ளோரிடாவின் ரோஸ்டரில் இந்த வரிசையைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வால்டர் கிளேட்டன் அயோனாவில் இருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கில் இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டில் இருந்து. மூன்று பேருமே சீனியர்கள், மூன்று பேருமே சின்னக் கல்லூரிகளில் ஆடிப் பழகிவிட்டு வந்தவர்கள். இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டன் 12 புள்ளி முன்னால் போனபோதும் அவர்கள் பதறவில்லை. கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, எடுத்த 11ம் இரண்டாம் பாதியில்தான். கடைசியில் 65-63.

கேள்வி: அண்ணா, எங்கள் அணிக்கு ஒரே வருடத்தில் இரண்டு ஃபைவ் ஸ்டார் பையன்கள் (பள்ளித் தரவரிசையில் உச்ச மதிப்பீடு வாங்கியவர்கள்) வருகிறார்கள். இந்தத் தடவை கப் எங்களுக்குத்தானே?

தம்பி, ஆசையைக் கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் ரட்கர்ஸைப் பாருங்கள். 2024-25இல் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பெரிய பெயர்கள். டிராஃப்டில் ஒருவர் 2ஆவது, இன்னொருவர் 5ஆவது. அணியோ தோல்விக் கணக்கோடு சீசனை முடித்து, மார்ச்சில் நடக்கும் தேசியப் பட்டப் போட்டிக்கே போகவில்லை. 2017 டிராஃப்டில் முதல் ஆளான மார்கெல் ஃபுல்ட்ஸ் ஆடிய வாஷிங்டன் அணி 9 வெற்றி, 22 தோல்வி.

'அப்போ 2012 கென்டக்கி? 2015 டியூக்?' என்று கேட்பீர்கள். சரிதான், முதல் வருடப் பையன்களை வைத்து ஜெயித்த அணிகள்தான் அவை. ஆனால் ஆந்தனி டேவிஸ் பெயரைச் சொல்கிறவர்கள் அதே கென்டக்கியில் டேரியஸ் மில்லர் என்று ஒரு சீனியர் இருந்ததை மறந்துவிடுவார்கள். 2015 டியூக்கில் அந்த இடத்தில் இருந்த சீனியர் குவின் குக். இப்படி ஒருவர் உங்கள் ரோஸ்டரில் இருக்கிறாரா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

2025 அரையிறுதி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. டியூக்கில் கூப்பர் ஃப்ளாக், கோன் நிப்பல், கமன் மலுவாச் என்று மூன்று முதல் வருடப் பையன்கள். மூவரும் அதே வருடம் முதல் பத்துக்குள் டிராஃப்ட் ஆனவர்கள். எட்டு நிமிடம் இருக்கும்போது டியூக் 14 புள்ளி முன்னால். சுமார் 35 நொடி இருக்கும்போதுகூட 6 புள்ளி. அங்கிருந்து ஹூஸ்டன் ஒரு மூன்று புள்ளி ஷாட், பந்தைப் பறித்து ஒரு டங்க் என்று நெருங்கியது. ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை டியூக் தவறவிட்டது. தவறி வந்த பந்தை எடுக்க, அதாவது ரீபவுண்டுக்குப் போன ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸின் முதுகில் ஃப்ளாக் ஏறியதாக ஃபவுல். ராபர்ட்ஸ் அந்த அணியில் ஆறாவது வருடம் இருப்பவர். ஃப்ரீ த்ரோவில் பெரிய கெட்டிக்காரரும் இல்லை. இரண்டையும் போட்டார். பிறகு ஃப்ளாக் எடுத்த ஷாட் குறைவாக விழுந்தது. 70-67, ஹூஸ்டன்.

18 வயதுப் பையன்மேல் குற்றம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அந்த வருடம் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஆனாலும் அந்த 35 நொடியில் எந்த அணிக்கு வயது அதிகம் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

கேள்வி: அடுத்த வருடம் நன்றாக இருக்குமா இருக்காதா என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. பேப்பரும் பேனாவும் போதும். ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக ஒரு அணிக்கு ஓர் ஆட்டத்தில் 200 நிமிடம். யார் யார் திரும்பி வருகிறார்களோ, அவர்கள் போன வருடம் ஆடிய சராசரி நிமிடங்களைக் கூட்டுங்கள். 31, 27, 22, 14, 6 என்றால் மொத்தம் 100. அதாவது பாதி அணி மிச்சம். இப்போதைய நிலவரத்தில் அது நல்ல சொத்து.

அப்புறம் ஒரு படி மேலே போங்கள். போகிற ஆள் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் எடுத்தார்? 16 என்றால், அந்த 16ஐ இனிமேல் யாராவது எடுத்தாக வேண்டும். போன வருடம் ஓரமாக நின்று, பந்து வந்தால் மட்டும் போட்டு 45 சதவீதம் வைத்திருந்தவருக்கு இப்போது அந்தப் பொறுப்பு வந்தால், சதவீதம் இறங்கத்தான் செய்யும். ரசிகர்கள் கணக்குப் போடும்போது வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு 'எதிர்காலம்' என்று பேசுவதே வீண் இல்லையா?

பாதி உண்மை. போர்ட்டல் என்பது 2018 அக்டோபரில் வந்த ஒரு பதிவேடு. அணி மாற விரும்புகிறவர் பெயர் அதில் ஏறியதும் மற்றக் கல்லூரிகள் பேசத் தொடங்கலாம். அதைவிடப் பெரிய மாற்றம் விதியில்தான் வந்தது. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல், ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024இல், படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது.

விளைவைப் பார்க்க 2024 கென்டக்கி போதும். பயிற்சியாளர் ஜான் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனார். புதிதாக வந்த மார்க் போப்புக்கு, உதவித்தொகை வாங்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவர்கூட மிச்சமில்லை. பூஜ்யத்திலிருந்து கட்டினார். அடுத்த மார்ச்சில் கடைசி 16 வரை போனார். ஆர்கன்சாவில் கலிபாரியும் அதே கட்டம் வரை போனார்.

அதனால் நான் இப்போது நான்கு வருடத் திட்டம் என்று எதையும் பேசுவதில்லை. இந்த வருடம், அடுத்த வருடம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: எல்லோரும் ஓடும் காலத்தில் ஓர் அணியில் நான்கு பேர் தங்கினால், பழைய காலத்தில் எட்டுப் பேர் தங்கியதற்குச் சமம்.

கேள்வி: பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்கிறார்களே?

நிறையத் தீர்மானிக்கிறது. 2021 ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படத்தை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அதோடு, இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் கூடைப்பந்து அணியில் 15 பேர்தான் இருக்கலாம். முன்பு ஆண்கள் அணிக்கு 13 உதவித்தொகை, அதற்கு மேல் சொந்தச் செலவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டார்கள். பையன்களுக்குப் பணம் கிடைப்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. இத்தனை வருடம் டிவிக்காரர்களும் பயிற்சியாளர்களும் வாங்கவில்லையா?

கேள்வி: பெஞ்சில் இருக்கும் யார் திடீரென்று பெரிய ஆளாவார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி. இதற்குச் சொல்லக்கூடிய ஒரே பெயர் சாக் ஈடி. டொரன்டோ பையன், 7 அடி 4 அங்குலம். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர், கூடைப்பந்துக்குத் தாமதமாகத்தான் வந்தார். பள்ளி முடிக்கும்போது தரவரிசையில் முதல் 400 பேருக்குள்கூட இல்லை. பர்டூ கல்லூரியில் முதல் வருடம் சராசரி 8.7 புள்ளி. அடுத்தடுத்து 14.4, 22.3, 25.2. கடைசி இரண்டு வருடமும் தேசிய அளவில் சிறந்த ஆட்டக்காரர்.

அந்த முதல் வருடக் கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். 8.7 என்பது சாதாரணம். ஆனால் அதை அவர் எடுத்தது 15 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில். 40 நிமிடத்துக்கு மாற்றினால் 23க்கு மேல் வருகிறது. நான் தேடுவது இதைத்தான்: குறைந்த நேரம், அந்த நேரத்துக்குள் நிறைய வேலை, அப்புறம் அவருக்கு முன்னால் நிற்கும் சீனியர் இந்த வருடத்தோடு கிளம்புகிறாரா என்பது. மூன்றும் சேர்ந்தால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஆட்டம் ஏற்கெனவே முடிந்துபோன கடைசி ஐந்து நிமிடத்தில் எடுத்த புள்ளிகளாக இருந்தால் வட்டத்தை அழித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சோஃபோமோர் ஒருவர் மூன்று புள்ளி ஷாட்டில் 40 சதவீதம். என்பிஏவில் ஷூட்டராக வருவாரா?

எத்தனை ஷாட்டில் 40? 50க்கு 20 என்றால், மூன்று ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் அது 34 ஆகியிருக்கும். அவருடைய ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பாருங்கள். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்தில், திரும்பத் திரும்பப் போடுவது. கை நேராக இருக்கிறதா என்பது அங்கே தெரியும். ஃப்ரீ த்ரோ 60 சதவீதத்தைத் தாண்டாதவரின் 40ஐ நான் நம்புவதில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் முதல் வருட மாணவர்கள் ஆடவே முடியாதாமே?

ஆமாம், 1972இல்தான் அந்தத் தடை போனது. அதுவரை ஃப்ரெஷ்மேன்களுக்குத் தனி அணி. 1965 நவம்பரில் யூசிஎல்ஏவின் புது அரங்கில் ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். தொடர்ந்து இரண்டு முறை பட்டம் வென்ற பெரிய அணிக்கு எதிராக அதே கல்லூரியின் முதல் வருடப் பையன்கள். பையன்கள் 75-60 என்று ஜெயித்துவிட்டார்கள். 31 புள்ளி எடுத்த ஒல்லிப் பையன் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். அவர் ஆட அனுமதி கிடைத்த மூன்று வருடமும், 1967, 68, 69, பட்டம் யூசிஎல்ஏவுக்கே. எதிர்கால அணி இன்றைய அணியை அதன் சொந்த வீட்டிலேயே அடித்தது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

கேள்வி: பெண்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே சார்?

தப்புதான். சொல்லப்போனால் ரோஸ்டரை வைத்துக் கணிக்க அதுதான் நல்ல இடம். ஆண்கள் 19 வயது ஆகி, பள்ளி முடித்து ஒரு வருடம் போனால் என்பிஏவுக்குப் போய்விடலாம். டபிள்யூஎன்பிஏவுக்கு அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 22 வயது வரை, அல்லது படிப்பு முடியும் வரை பொறுக்க வேண்டும். அதனால் ஒரு நல்ல ஆட்டக்காரி வந்தால் நான்கு வருடம் பார்க்கலாம். கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2020இல் சேர்ந்தார். முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. 2025இல் சவுத் கரோலினாவை 82-59 என்று வென்றபோதுதான் பட்டம். அந்த ஆட்டத்தில் அவரோடு சேரா ஸ்ட்ராங் என்ற முதல் வருடப் பெண்ணும் கலக்கினார். போகிறவரும் வருகிறவரும் ஒரே களத்தில்.

கேள்வி: இந்திய வம்சாவளியில் யாராவது இப்படி வந்திருக்கிறார்களா?

சிம் புல்லர். கனடாவில் வளர்ந்தவர், 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு சீசன். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோவுக்காக இறங்கி என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் ஆனார். அதே வருடம் டிராஃப்ட் ஆன சத்னாம் சிங் கல்லூரியில் ஆடவே இல்லை.

கேள்வி: என் மகன் நியூ ஜெர்சியில் பள்ளி அணியில் ஆடுகிறான். 6 அடி 1. டிவிஷன் 1இல் வாக்-ஆனாகவாவது சேர முடியுமா? அம்மாவாகக் கேட்கிறேன்.

அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். உதவித்தொகை இல்லாமல் பயிற்சிக்கு நிற்பவர்தான் வாக்-ஆன். 15 பேர் வரம்பு வந்தபின் அந்த இடங்கள் குறைந்துவிட்டன. டிவிஷன் 1 என்பது கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்கு; மூன்றாவது அடுக்கான டிவிஷன் 3 அணிகளைப் பாருங்கள். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் படிப்புக்கு உதவி கிடைக்கும், பையன் உண்மையாகவே ஆடுவான். பயிற்சியாளருக்கு அனுப்பும்போது டங்க் மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம். ஒரு முழு ஆட்டத்தை அனுப்புங்கள். பந்து இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் நினைப்பதில்லை. அணியின் மாணவ மேலாளர் வேலை. பந்து பொறுக்குவது, துண்டு எடுத்துக் கொடுப்பது, வீடியோ வெட்டுவது. இந்தியானா கல்லூரியில் பயிற்சியாளர் பாப் நைட்டிடம் அந்த வேலை பார்த்த லாரன்ஸ் ஃபிராங்க் என்ற பையன், 2004இல் என்பிஏவில் நியூ ஜெர்சி நெட்ஸுக்கே பயிற்சியாளராகி முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தார். மகனிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் முகத்தைச் சுளிப்பான்.