ரேசிங் வீலில் மின் இரைச்சல், எர்த் கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: கணினிக் கார் பந்தய விளையாட்டுக்காகப் புதிதாக டைரக்ட் டிரைவ் வீல்பேஸ் (ஸ்டீயரிங் வீலை மோட்டாரே நேரடியாகத் திருப்பி விசை தரும் கருவி) பொருத்தினேன். வேகமான வளைவுகளில் வீல் தரும் விசை கூடும்போதெல்லாம் பெடலும் பட்டன் பெட்டியும் யுஎஸ்பி இணைப்பை இழக்கின்றன. வீல் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது. வீல்பேஸில் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் கட்டுப்படுத்துகிறது. அந்த வெட்டு ஒவ்வொன்றும் மின் இரைச்சலை, அதாவது மற்றக் கருவிகளைக் குழப்பும் மின் குறுக்கீட்டைக் கிளப்பும். மோட்டாரின் உலோக உடல் வழியாக அது ரிக்கின் (வீல், பெடல், இருக்கை எல்லாம் பொருத்திய அமைப்பின்) சட்டத்துக்கு இறங்கி, அங்கிருந்து பெடலின் யுஎஸ்பி கேபிளில் ஏறிக்கொள்கிறது. வீல் தப்பிப்பதும் பெடல் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

எதையும் வாங்குமுன் சோதியுங்கள். விசையைப் பாதியாகக் குறைத்து அதே சுற்றை ஓட்டுங்கள். துண்டிப்பு குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு வீல்பேஸின் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, பெடலை மட்டும் சிறிது நேரம் மிதித்துப் பாருங்கள். விசையைச் சுழியமாக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது; விசை சுழியமாக இருந்தாலும் டிரைவர் வெட்டுவதை நிறுத்துவதில்லை. மின்சாரம் நின்ற பிறகும் பெடல் துண்டிக்கப்பட்டால் ஹப், கேபிள், விண்டோஸின் யுஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். வீல்பேஸைக் குறைசொல்ல வேண்டாம்.

கேள்வி: மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களை எல்லாக் கேபிளிலும் மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லையே?

பதில்: கேபிளை ஒரே ஒரு முறை உள்ளே விட்டு மூடியிருப்பீர்கள். ஃபெரைட்டின் தடை, சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டி உயரும்: 3 சுற்று போட்டால் ஏறத்தாழ 9 மடங்கு. ஆகவே துளை பெரிதாக உள்ள ஒரு வளையம் வாங்கி, பெடலின் யுஎஸ்பி கேபிளை 3 அல்லது 4 முறை சுற்றி, கணினிக்குள் நுழையும் முனைக்கு அருகில் வையுங்கள். பத்துச் சுற்று போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். உயர் அதிர்வெண் இரைச்சல் சுற்றுக்குச் சுற்று தாவிப் போய்விடும். மோட்டாரும் டிரைவர் பெட்டியும் தனித்தனியாக உள்ள வகையென்றால், முதல் வளையம் மோட்டார் கேபிளுக்கே.

கேள்வி: வெறுங்காலுடன் உட்கார்ந்து ரிக்கின் அலுமினியத்தைத் தொட்டால் சுர்ரென்று லேசாகக் கூசுகிறது. ஆபத்தா?

பதில்: இதை அலட்சியம் செய்யாதீர்கள். பவர் சப்ளைகளுக்குள் இரைச்சலை வடிக்கச் சிறு மின்தேக்கிகள் உண்டு. எர்த் கிடைக்காதபோது அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் சட்டத்தில் தேங்குகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால், சட்டத்துக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் அதில் பாதி வரை காட்டும். கசிவு சிறிது என்பதால் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் சட்டத்துக்கு எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முதலில் சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கூச்சம் அதிர்ச்சியாக மாறினால் அந்த நொடியே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: அதே ஆள்தான். சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறது. ரிக்குக்கும் எர்த் கிடைக்கட்டும் என்று கணினியின் உலோகப் பெட்டியிலிருந்து வயரும் போட்டுவிட்டேன். இன்னும் கூசுகிறது.

பதில்: வயரை எங்கே முடுக்கினீர்கள்? அலுமினியப் புரொஃபைலின் மேல் பளபளப்பாகத் தெரிவது ஆனோடைஸ் படலம்; அது மின்சாரத்தைக் கடத்தாது. மல்டிமீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து, இரு முனைகளையும் ஒரே புரொஃபைலில் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிப் பாருங்கள்: சத்தமே வராது. முனையால் அழுத்திக் கீறினால் பீப் என்று கத்தும். போல்ட் இறங்கும் இடத்தில் உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு, வளைய முனையுள்ள வயரை இறுக்குங்கள். சட்டத்தின் துண்டுகளும் இதே படலத்தால் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கலாம். வீல் தாங்கும் துண்டு, பெடல் தட்டு, இருக்கைத் தண்டவாளம் மூன்றையும் தனித்தனியே சோதித்து, தொடர்பில்லாதவற்றைக் குட்டை வயரால் இணையுங்கள்.

கேள்வி: இருக்கையின் அடியில் உள்ள பேஸ் ஷேக்கரில் (ஒலியை அதிர்வாக்கி இருக்கையைக் குலுக்கும் கருவி) ம்ம்ம் என்ற ரீங்காரம். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டினால் நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயருக்குள் பழுது வந்தால் அதன் உலோகப் பெட்டியிலும் உங்கள் ரிக்கிலும் முழு மின்னழுத்தம் வந்து நிற்கும், அதுவும் சேர்ந்து கிடைக்கும். வெட்டவே வெட்டாதீர்கள். அது எர்த் லூப்: கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இரண்டு வழியில் எர்த் போய் வளையமாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே மின்பலகையில் சொருகுங்கள். மீதியிருந்தால் ஆடியோ கேபிளின் நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள். சமிக்ஞை மட்டும் கடந்து போகும்.

கேள்வி: காலே வைக்கவில்லை, லோட் செல் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் உணரி) உள்ள பிரேக் 3 சதவீதம் வரை துள்ளுகிறது.

பதில்: லோட் செல் தரும் சமிக்ஞை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பலவற்றில் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட்; 5 வோல்ட் கொடுத்தால் முழு மிதிக்கு 10 மில்லிவோல்ட். உங்கள் 3 சதவீதம் என்பது வெறும் 0.3 மில்லிவோல்ட். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துத் தள்ளி வையுங்கள்; கடந்தே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். நீளம் போதாவிட்டால் யுஎஸ்பி கேபிளை நீட்டுங்கள், லோட் செல்லின் வயரை அல்ல. டெட்சோனை (மென்பொருள் கண்டுகொள்ளாமல் விடும் தொடக்க அளவை) கூட்டி மறைப்பது எனக்குப் பிடிக்காத வழி.

கேள்வி: இருக்கையிலிருந்து எழும்போது சொடுக்கென்று பொறி, ஷிஃப்டர் (கியர் மாற்றும் கருவி) செத்துவிடுகிறது.

பதில்: அது நிலைமின். வறண்ட காற்றில் உடை இருக்கைத் துணியில் உரசித் தேங்குவது. ரிக்குக்கு எர்த் கொடுத்து, எழும்போது சட்டத்தின் வெற்று உலோகத்தில் ஒரு கை வைத்திருங்கள்.

கேள்வி: யுஎஸ்பி ஐசோலேட்டர் (தரவை மட்டும் கடத்தி, மின் தொடர்பைத் துண்டிக்கும் கருவி) வாங்கினால் இத்தனையும் தேவையில்லையா?

பதில்: கூச்சத்துக்கும் ரிக்கின் எர்த்துக்கும் அது மருந்தல்ல. மலிவான பல ஐசோலேட்டர்கள் நொடிக்கு 12 மெகாபிட்டோடு நின்றுவிடும். பெடலுக்குத் தாராளம், திரையுள்ள வீலுக்குப் போதாமல் போகலாம். மேலே சொன்னவற்றைச் செய்த பிறகும் பெடல் துண்டிக்கப்பட்டால் வாங்குங்கள், பெடலுக்கு மட்டும்.