இன்ஸ்டாவை நிறுத்திவிட்டேன், இப்போது மண்டைக்குள் படம் ஓடுகிறது. இது நோயா?

கேள்வி: எனக்கு வயது 24. வீடு சேலம் கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில். தினமும் பைக்கில்தான் ஏறி இறங்குகிறேன். இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சூப்பர்ஹீரோ படத்தைப் பற்றி முகம் தெரியாத ஆட்களோடு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டு வெறுத்துப் போய், 18 நாட்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் போனிலிருந்து தூக்கிவிட்டேன். முதல் வாரம் யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. இப்போது அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் எனக்குள் தானாக ஓடுகிறது. கதை நம் சேர்வராயன் மலையில் நடக்கிறது. வில்லன் பாக்சைட் தோண்ட வருகிறான், ஹீரோவுக்குப் பனிமூட்டம் இறங்கினால் சக்தி போய்விடும். வசனத்தை வாய்விட்டுப் பேசுகிறேன் என்று அம்மா பயப்படுகிறார். படுத்தாலும் ஒன்றரை மணி வரை காட்சி ஓடுகிறது, ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். போன வாரம் இறங்கும்போது 14-வது வளைவைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது, அடுத்துப் பார்த்தால் 9-வது வளைவில் இருந்தேன். இது மனநோயா டாக்டர்? மாத்திரை வேண்டுமா? திரும்ப இன்ஸ்டாவைப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 14-லிருந்து 9 வரை நினைவில்லாமல் இறங்கினீர்கள் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் வந்துகொண்டே இருக்கும், மாலையில் பனி இறங்கினால் பத்தடி தூரத்தில் இருப்பது தெரியாது. பழகிய பாதையில் கை கால் தானாக ஓட்டும், மனம் வேறு எங்கோ இருக்கும், இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் நீங்கள் நாலரை மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. தூக்கம் பாக்கி இருக்கிற மூளை ஒன்றிரண்டு நொடி, சில சமயம் அதற்கும் மேலே, கண் திறந்திருக்கும்போதே அணைந்து எரியும், அது நடந்ததே நமக்குத் தெரியாது. நீங்கள் கதையில் மூழ்கியிருந்தீர்களா, அந்த மாதிரி அசந்தீர்களா என்று கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே அந்த வளைவில் ஆளைக் கொல்லும். ஒழுங்காக ஏழு மணி நேரம் தூங்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிற வரைக்கும் பஸ்ஸில் போய் வாருங்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை காட்சி வேண்டுமானாலும் யோசியுங்கள், நான் தடுக்கவில்லை.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது மனநோயாகத் தெரியவில்லை.

முன்பு உங்களுக்குச் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று இருந்ததா, யோசித்துப் பாருங்கள். விருந்தினர் வராத பத்து நிமிடம், டீ ஆறுகிற இரண்டு நிமிடம், கழிவறையில்கூட, எல்லாவற்றையும் போன் நிரப்பியது. நாம் வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போது மூளை ஓய்வெடுப்பதில்லை, அப்போதுதான் சில பகுதிகள் சேர்ந்து மும்முரமாக இயங்குகின்றன என்பதை மார்கஸ் ரெய்க்லே என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவும் 2001-ல் விளக்கினார்கள். பழையதை அசைபோடுவது, நாளைக்கு என்ன என்று திட்டமிடுவது, இல்லாததைக் கற்பனை செய்வது எல்லாவற்றிலும் அந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. ஐந்து மணி நேரம் திடீரென்று காலியானதும் உங்கள் மனம் கையில் கிடைத்ததை எடுத்து ஓட்டுகிறது. கிடைத்தது அந்தப் படம். அதுவும் இந்தச் சூப்பர்ஹீரோ படங்களைப் பாதியில் நிற்கிற மாதிரிதானே முடிக்கிறார்கள், பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஒரு துண்டுக் காட்சியைப் போட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மிச்சத்தை நீங்கள் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. பாக்சைட்டை நீங்கள் எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை, சேர்வராயன் மலையில் உண்மையிலேயே வெட்டி எடுத்தார்கள். பனியும் நீங்கள் தினமும் ஓட்டி வருகிற பனிதான். பதினெட்டு நாள் முன்பு அடுத்தவன் போட்ட பதிவுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்த மனம், இன்று தன் கண்ணால் பார்த்ததை வைத்துக் கதை கட்டுகிறது. இது தேறி வருகிற மனம் என்றுதான் நான் படிக்கிறேன்.

வசனத்தை வாய்விட்டுப் பேசுவதும் அப்படியே. நீங்கள் தினமும் கடந்து போகிற ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்தப் பழைய நுழைவு வளைவு நிற்கிறதே, டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ, நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம், கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை பார்த்த இடம். வசனத்தைச் சொல்லிப் பார்ப்பது எழுதுகிறவர்களின் சாதாரணப் பழக்கம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதோடு அவரை உட்கார வைத்து முழுக் கதையையும் ஒரு தடவை சொல்லுங்கள். மகன் கதை கட்டுகிறான், கதையை நிஜமென்று நம்பவில்லை என்று அவருக்கே புரியும்.

எனக்குக் கவலை வருகிற இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்த வசனம் உங்கள் யோசனையாக இல்லாமல் வெளியிலிருந்து ஒரு குரலாகக் காதில் விழுந்தால், ஹீரோ உங்களுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறான் என்று தோன்றினால், இரண்டு மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல் பரபரவென்று இருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். கஞ்சா பழக்கம் இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காதீர்கள், பல தடவை முடிச்சு அங்கேதான் இருக்கும். சாப்பாடு, வேலை, நண்பர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மணிக்கணக்கில் பகல் கனவில் கிடப்பதற்கு சோமர் என்ற இஸ்ரேலிய உளவியல் அறிஞர் 2002-ல் தனிப் பெயரே வைத்தார், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இன்னும் சேரவில்லை. உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி: விருந்தினர் வந்து சாவி கேட்டதும் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கவனிக்க முடிகிறதா? முடிகிறது என்றால் பிடி உங்கள் கையில் இருக்கிறது. மாத்திரை வேண்டாம். தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடவே போடாதீர்கள், காலையில் மயக்கத்தோடு நீங்கள் ஏறப்போவது மலை.

தூக்கத்துக்கு என்ன செய்வது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரவு சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம், மேஜையில் உட்கார்ந்து, அன்றைக்கு ஓடிய காட்சியைக் கையால் எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம், போன் இன்னொரு அறையில் இருக்கட்டும். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறது, எழுதி வைத்தால் பாதி அடங்கும். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து போய் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது வந்து படுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். மலைக் காபியை விடச் சொல்வது கொடுமைதான், தெரியும், காலையில் குடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி, திரும்பப் போகலாமா என்பது. கதையை நிறுத்துவதற்காகப் போகாதீர்கள், பழைய எரிச்சலும் சேர்ந்து வரும். வாழ்நாள் முழுக்க ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒரு பிரிவினரை பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தினார்கள். அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. யாரும் முழுதாக விடவில்லை, கவனியுங்கள். எல்லா ஆய்வுகளிலும் இதே பலன் வந்துவிடவில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. நீங்கள் போவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், அறிவிப்புகளை அணைத்துவிட்டு, படுக்கைக்கு எடுத்துப் போகாமல். அதற்கு முன்னால் உங்கள் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்துவிடுங்கள். அடுத்தவர்கள் கட்டுகிற கதையைப் படித்தால் உங்களுடையது கலைந்துவிடும், அது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசின் டெலி மானஸ் உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். இரண்டு வாரம் கழித்து, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பஸ்ஸில் போனீர்களா என்று எனக்கு எழுதுங்கள். பனி இறங்கினால் சக்தி போகிற ஹீரோ ஏற்காட்டில் எப்படித்தான் ஜெயிக்கிறான் என்பதையும் எழுதுங்கள்.