மூன்று தவறுகள், ஒரே பூஜ்யம்

கேள்வி: ஊத்துக்குளிக்கு அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். பெரும்பாலோரின் பெற்றோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பின்னக் கணக்குகளை வகுப்பில் சரியாகப் போடும் பிள்ளைகள் பருவத் தேர்வில் அதே மாதிரிக் கணக்குகளைத் தவறவிடுகிறார்கள். பி.எட். படிக்கும்போது கற்றல் பற்றி எழுதிய உளவியலாளர்கள் ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி எல்லோரையும் படித்தேன்; வகுப்பறையில் யாரைப் பின்பற்றுவது என்று விளங்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என்று பிரித்து நடத்தினால் பலன் இருக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரிக்க வேண்டாம். பிள்ளையின் ‘கற்றல் பாணி’க்கு ஏற்ப நடத்தினால் கற்றல் கூடும் என்ற கருத்தை ஹெரால்ட் பாஷ்லரும் அவருடைய சகாக்கள் மூவரும் 2008இல் ஆராய்ந்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பயிற்சி வகுப்புகளில் அந்தப் பட்டியல் இன்னமும் சுற்றிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

யாரைப் பின்பற்றுவது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடாமல், பிள்ளை எழுதிய தவறான விடையைக் கொண்டு முடிவுசெய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது, ஒன்றரையை ஆறால் பெருக்கச் சொல்லி ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். விடை ஒன்பது. மூன்று பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் நோட்டில் ஆறரை என்றிருந்தது. இரண்டாவதில் 3/2 என்று சரியாக மாற்றிய பிறகு, மேலேயும் கீழேயும் ஆறால் பெருக்கி 18/12 என்று எழுதியிருந்தது. மூன்றாவது பிள்ளை 18/2 வரை பிழையில்லாமல் வந்து, கடைசியில் எட்டு என்று முடித்திருந்தது. மூன்று நோட்டிலும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி, மூவருக்கும் பூஜ்யம்.

அந்த மூன்று தவறுகளும் மூன்று வெவ்வேறு நோய்கள். எட்டு என்று எழுதிய பிள்ளைக்குப் பின்னம் புரிந்திருக்கிறது, வகுத்தல்தான் கைவரவில்லை. அதற்கு ஸ்கின்னர் வழியில் சின்னச் சின்னக் கணக்குகள், உடனுக்குடன் சரிபார்ப்பு, திரும்பத் திரும்பப் பயிற்சி போதும். 18/12 என்று எழுதிய பிள்ளை சோம்பேறியும் அல்ல, மந்தமும் அல்ல. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கினால் மதிப்பு மாறாது என்று முன்பு படித்த சமான பின்ன விதியை இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறது. அதனிடம் விதியை மறுபடி ஒப்பிப்பதைவிட, 18/12ஐச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரையே திரும்பி வரும். ஆறு மடங்கு ஆக்கிய பிறகும் தொகை ஏன் கூடவில்லை என்று கேட்டால் பிள்ளை திகைக்கும். தான் நம்பிய கணக்கும் கண்முன் இருப்பதும் முரண்படும் அந்தத் திகைப்பிலிருந்துதான் புது அறிவு உருவாகிறது என்பது பியாஜே சொன்னதன் சாரம். இத்தனை வயதுக்குள் இது புரியாது என்று கைவிடுவதற்கு அவருடைய வயதுப் படிநிலைகளைச் சாக்காகச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆறரை எழுதிய பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒன்றரை என்பது ஒன்றும் அரையும் சேர்ந்த ஒரே எண் என்று அதற்குப் படவில்லை. ஒன்றை மட்டும் ஆறால் பெருக்கிவிட்டு அரையை அப்படியே விட்டுவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதாகச் சொன்னாள். திங்கள் முதல் சனி வரை எத்தனை ஷிப்ட் ஆகும் என்றதும், பேனாவைத் தொடாமல், “ஒம்பது ஷிப்ட்டுங் சார்” என்றாள். நோட்டில் ஆறரை, வாயில் ஒன்பது. சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடத்துக் கணக்கும் அதுவேதான் என்பது மட்டும் தெரியவில்லை. கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி, அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் எழுதியது இதைத்தான்.

ஆனால் ஷிப்ட் உதாரணத்தோடு நின்றுவிடக் கூடாது. ‘ஆறு ஒன்று ஆறு, ஆறு அரை மூன்று, மொத்தம் ஒன்பது’ என்று அவள் வாயால் பிரித்துச் சொல்ல வைத்து, அதை அப்படியே எண்ணில் எழுதச் செய்து, அடுத்த கணக்கில் நீங்கள் பாதிவரிதான் எழுதிக் கொடுத்து, அதற்கடுத்ததில் அதையும் விட்டுவிட வேண்டும். இப்படித் தாங்கிப் பிடித்துப் படிப்படியாக விலகுவதை, கட்டடத்துக்குக் கட்டிப் பிறகு பிரிக்கும் சாரத்தைப் போல, சாரம் கட்டுவது என்கிறார்கள். அந்தச் சொல்லை வைகாட்ஸ்கியின் பெயரில் தேர்வுக்கு எழுதியிருப்பீர்கள். அதைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியவர்கள் 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகியோர். துணையோடு இன்று செய்வதைப் பிள்ளை நாளை தனியாகச் செய்யும் என்ற கருத்துத்தான் வைகாட்ஸ்கியுடையது. உங்கள் பிள்ளைகள் வகுப்பில் சரியாகப் போடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: பலகையில் மாதிரிக் கணக்கு இருக்கும்வரை சாரம் நிற்கிறது, தேர்வு அறையில் அது இருப்பதில்லை.

இன்னொரு காரணம் மறதி. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தார்கள்; மற்றவர்கள் படித்ததை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பாடம் நடத்திய அன்றே கிடைக்கும் சரியான விடை நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது போதும். ஆகவே, ஒவ்வொரு வகுப்பையும் மூன்று கணக்குகளோடு தொடங்குங்கள்: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. நோட்டைப் புரட்டக் கூடாது, மதிப்பெண்ணும் கிடையாது.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாளில் ஒரே ஒரு கணக்கு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 34 தாள்களை வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே தவறின் வகைப்படி பிரித்துவிடலாம். சரி, தவறு என்று இரண்டாகப் பிரிப்பதில் பயனில்லை. எந்தக் கட்டு பெரிதோ, மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்குரியது.

இதற்கெல்லாம் பதிவேட்டில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறிக்கு (பருவத்தின் இடையே செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறிக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 மதிப்பெண் என்று ஒதுக்கினார்கள். அந்த 40 மதிப்பெண், பிள்ளை வளரும்போதே அறிந்து திருத்துவதற்காக வந்தது. பல பள்ளிகளில் பருவக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து 36, 37, 38 என்று நிரப்பும் கட்டமாகிவிட்டது. மேலே சொன்ன கால் தாள்களைப் பிள்ளைவாரியாக ஒரு கவரில் போட்டு வைத்தால் வளரறியில் (ஆ) எனப்படும் பகுதியின் சிறுதேர்வுகளைத் திட்டமிட அதுவே கைகொடுக்கும்.

நோட்டுத் திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. பிள்ளை எண்ணைப் பார்த்ததும், பக்கத்துப் பிள்ளையின் எண்ணைத் தேடுகிறது. எனவே கட்டாயமில்லாத நாட்களில் எண் போடாதீர்கள். ஆறரை எழுதிய நோட்டில், “அரையை ஏன் விட்டுவிட்டாய்? ஷிப்ட் கணக்காக மறுபடி போட்டுக் காட்டு” என்று ஒரே வரி எழுதி, அவள் திருத்திப் போடுவதற்கு அதன் கீழே இடம் விடுங்கள்.